பதினோரு துண்டுகள்

பதினோரு நாற்காலி, பதினோரு துண்டு, ஒரு ஆள். பன்னிரண்டாவது நாற்காலியில் பேச்சிமுத்து முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். அது சாய்ந்து படுக்கிற நாற்காலி. இவர் அதில் பஸ் சீட்டில் உட்கார்வது மாதிரி நட்டமாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலின் மேல்தளம். நடுவில் நீச்சல் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் கடை. இடது பக்கத்துக் கடலை அந்தக் கடை முழுசாக மறைத்தது. மணி ஏழு இருபது. "யப்பா, இங்கனயே இரிங்க. எந்திரிச்சிராதீங்க. படுத்தா தூங்கிருவீங்க, துண்டு போயிரும். எட்டேகாலுக்குள்ள நாங்க சாப்ட்டு வந்துருவோம், பெறவு நீங்க போகலாம்" என்று சொல்லிவிட்டுக் கோமதி கீழே போயிருந்தாள். மகள். அவள் குடியிருக்கிற அடுக்குமாடியில் இருந்து சேர்ந்து வந்த பயணம் இது. அவளும் மருமகனும் போக ஒன்பது பேர் கோயம்புத்தூர்க்காரர்கள். இவர் ஒருத்தர்தான் பாளையங்கோட்டையில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டவர். எல்லாரும் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கிறார்கள். இன்றைக்கு மட்டும் தோசை உண்டு என்று கப்பல்காரன் நேற்றே சொல்லிவிட்டான், நேற்றிலிருந்தே அதுதான் பேச்சு. பேச்சிமுத்துவுக்குத் தோசை வேண்டாம். எட்டே முக்கால் வேண்டும். எட்டே முக்காலுக்கு இடது பக்கம் எரிமலை வரும் என்று சுற்றுலா கூட்டிவந்த கிருபா சொல்லியிருந்தான். இத்தாலிப் பக்கத்துக் கடலுக்கு நடுவில் தனியாக நிற்கிற மலை, பேர் ஸ்ட்ராம்போலி, உச்சியில் புகை. பத்து நிமிசம்தான், கப்பல் நிற்காது. நிற்காவிட்டால் போகட்டும். பத்து நிமிசம் போதும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. கண்ணால். அந்த வார்த்தையில் மனசு இடறியது. அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி துண்டுகளை எண்ணினார். பதினொன்று.

துண்டு. முப்பத்தோரு வருசம் கண்டக்டர் வேலை பார்த்தவன் துண்டுக்குக் காவல் இருக்கிறான், தூ. திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டி வளைந்து உள்ளே வரும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு பறந்து வரும். துண்டு, கைக்குட்டை, மஞ்சப்பை, தலைப்பாகை, ஒரு தடவை ஒற்றைச் செருப்பு. பிள்ளையைத் தூக்கி ஜன்னலுக்குள் விடுகிறவனும் உண்டு. ஏறிப் பார்த்தால் சீட்டு முழுக்கத் துணி கிடக்கும், வெளியே பிள்ளைத்தாச்சி நிற்பாள். பேச்சிமுத்து ஒரே வாரலில் எல்லாத் துண்டையும் அள்ளிப் படிக்கட்டு வழியாக வெளியே எறிவார். "துண்டுக்கு யாரு வே டிக்கெட் எடுக்கா? ஆளு வந்தா சீட்டு. ஆளில்லாத துண்டு எனக்குக் கந்தல்." அடிக்க வந்திருக்கிறார்கள். சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒருத்தன் கடித்தே வைத்தான், இடது முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஒரு நாள் கூட விட்டுக்கொடுத்ததில்லை. அந்தக் கை இப்போது துண்டு காற்றில் பறந்துவிடாமல் செருப்பைத் தூக்கி மேலே வைக்கிறது. வீட்டுக்காரி செண்பகம் உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். சிரிக்கட்டும். அவள் சிரித்தால் சரி. இந்தப் பூங்கொடி சிரித்தால்தான் கோபம் வருகிறது. பூங்கொடி, கோமதிக்கு எதிர் வீடு. இந்த வலது பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். காலையில் இந்தப் பக்கம் நிழல் இருக்கும், வெயிலில் உட்கார்ந்தால் கறுத்துவிடுவோம் என்று. ஏற்கெனவே இருக்கிற கறுப்புக்கு இனிமேல் என்ன கறுக்க இருக்கிறது? ஒரு பேச்சுக்கு அவர் அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகளுக்காகத்தான். மகள் முகம் வாடும். எதற்கெடுத்தாலும் வாடுகிற முகம், அவள் அம்மா மாதிரி இல்லை.

ஒரு ஆள் வந்தான். கப்பல் சிப்பந்தி, நாற்பது வயசு இருக்கும், சட்டையில் ரொமெல் என்று பேர் எழுதியிருந்தது. கையில் ஒட்டுகிற சீட்டுக் கட்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சீட்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து மணி எழுதிக்கொண்டே வந்தான். ஏழு நாற்பது. அரை மணிக்குள் ஆள் வராவிட்டால் துண்டை எடுத்துவிடுவான். இதுவும் கிருபா சொன்னதுதான். பேச்சிமுத்துவுக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துப்போனது. தொழில்காரன். அவசரமில்லாமல், சிரிப்பில்லாமல், யார் முகத்தையும் பார்க்காமல் செய்கிறான். சீட்டு கிழிக்கிற கைக்கு ஒரு பழக்கம் உண்டு, கட்டை விரல் தானாக நடக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். அவன் விரலையே பார்த்தார். விரல் தெரிந்தது. சீட்டு தெரிந்தது. அவன் குனிந்தபோது, முழங்காலுக்குக் கீழே அவன் கால் இவர் கண்ணுக்கு இல்லை. இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். கறுப்பாக இருந்தால் கறுப்பு என்று கண்டுபிடிக்கலாம். இது கறுப்பு இல்லை. அந்த இடத்தில் ஏதோ தரை மாதிரி, ஏதோ தண்ணி மாதிரி, மூளை தானாக எதையாவது போட்டு ரொப்பிக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார். ரொப்பினது எது, நிஜமாக இருக்கிறது எது என்று எப்படித் தெரியும் என்று இவர் கேட்டதற்கு டாக்டர், "கூட யாரும் வரலியா?" என்றார். "இல்ல." "அடுத்த தடவை யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க." வர மாட்டேன். யாரையும் கூட்டிவர மாட்டேன். நானும் வர மாட்டேன்.

போன மாசியில். கண்ணில் அழுத்தம், போன பார்வை போனதுதான், இருப்பதை வேண்டுமானால் காப்பாற்றலாம், ஓரத்தில் இருந்து சுருங்கிக்கொண்டு வரும் என்றார்கள். பார்வையைச் சோதிக்க வெள்ளைக் கும்பா மாதிரி ஒரு மிஷின். அதற்குள் முகத்தை வைக்க வேண்டும், நாடியை ஊன்ற ஒரு தாங்கல், ஒரு கண்ணுக்குக் கட்டு. நடுவில் ஒரு சின்ன வெளிச்சம், அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றி அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்து வந்து போகும். பார்த்தால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். பார்த்தால். முதல் ரெண்டு நிமிசம் ஒழுங்காகத்தான் அழுத்தினார். பிறகு நேரம் போயிற்று, போயிற்று, ஒரு பொட்டும் வரவில்லை. மிஷின் உர்ரென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அங்கே வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது, இவருக்குத்தான் வரவில்லை என்று புரிந்தது. சத்தத்துக்கு ஒரு தாளம் இருந்தது. அந்தத் தாளத்துக்கு அழுத்தினார். டிக்கெட் கிழிக்கிற மாதிரி, எச்சில் தொடாமல், டக், டக், டக். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார். அந்த ஆஸ்பத்திரிப் பெண் விளக்கைப் போட்டுவிட்டு, "இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அழுத்துதீங்களே ஐயா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். திட்டியிருக்கலாம். எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார், டிக்கெட் எடுக்காமல் எடுத்த மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவன், தூங்குகிற மாதிரி கிடக்கிறவன், பின்படியில் நின்றுகொண்டே அறுபது தலைக்கு நடுவில் அவனை மட்டும் கண்ணால் கொத்தியெடுத்த ஆள். அன்றைக்கு அவரே பிடிபட்டார். அதற்கு அடுத்த வாரம்தான் கோமதி இந்தக் கப்பல் படங்களை அனுப்பினாள், சும்மா, நாங்க போகப் போறோம்பா என்று. அதில் ஒரு படம். கடலில் மலை, மலையில் புகை. "நானும் வாரேன்" என்று போட்டார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அன்றைக்கே அவருக்கும் இடம் போட்டுவிட்டாள். அதுவே ஆச்சரியமாக இருந்தது. கோமதி கேட்காமல் விடுகிறவள் இல்லை. கேட்காதது நல்லது என்று அவரும் விட்டுவிட்டார். நல்லதுதான். இல்லையா?

எட்டு பத்துக்கு ரொமெல் திரும்பி வந்தான். பதினோரு துண்டையும் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "சார்?" என்றான். பேச்சிமுத்து கையைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி காட்டி, "ஆள் வருது" என்றார். தமிழில்தான். வேறெதில் சொல்ல? அவன் தலையை ஆட்டி ஐந்து விரலைக் காட்டிவிட்டுப் போனான். ஐந்து நிமிசம். ஆனால் அந்த வார்த்தை போகவில்லை. வாயைவிட்டு வெளியே வந்து அவர் எதிரிலேயே நின்றது. ஆள் வருது. இதைச் சொன்னது நான் இல்லையே, வேறு ஒருத்தன் அல்லவா. ஆடி அமாவாசை, காரையாறு வண்டி, சொரிமுத்தையன் கோயிலுக்குப் போகிற கூட்டம், வண்டிக்குள் மூச்சு விட இடமில்லை. மூணு பேர் சீட்டில் ஒரு கிழவர் மட்டும். வெள்ளை வேட்டி, புதுசாகச் சிரைத்த முகம், பக்கத்தில் ரெண்டு இடத்திலும் துண்டை விரித்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு. "ஆள் வருது, ஆள் வருது, இந்தா வந்துருவாங்க." யாரு? "மகன், மருமவ." எங்க? "டீ குடிக்கப் போயிருக்காவ." வண்டி கிளம்ப ரெண்டு நிமிசம் இருக்கும்போது பேச்சிமுத்து அவர் கையைத் தூக்கித் துண்டை உருவி எறிந்தார். ரெண்டு பேரை உட்கார வைத்தார். கிழவர் ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. முக்கூடலில் வரவில்லை, அம்பையில் வரவில்லை. காரையாறில் எல்லாரும் இறங்கின பிறகும் அவர் அதே சீட்டில் இருந்தார். "பின்னால வண்டில வருவாங்க" என்றார். டிக்கெட் மூணும் அவர் மடியில் இருந்தது. அன்றைக்குக் கூட்டத்துக்காக டிக்கெட்டை ஸ்டாண்டிலேயே கொடுத்தார்கள், மூணுக்கும் சேர்த்து அவரே எடுத்திருந்தார். பேச்சிமுத்து, "இறங்கும் வே, வண்டிய எடுக்கணும்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. இருபது வருசம் முன்னால். அந்த மகன் வந்தானோ, அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தானோ, தெரியாது. வந்திருப்பான். கூட்டத்தில் ஏற முடியாமல் போயிருக்கும். ஏன் வந்திருக்க மாட்டான்? அந்தச் சிரைத்த முகம் மட்டும் ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் போகப் போகத் தெரிய வேண்டாததெல்லாம் தெரிகிறது.

எட்டு இருபதுக்குப் பூங்கொடி வந்தாள். கூட யாரும் இல்லை. நாலாவது நாற்காலிக்குக் கீழே வைத்திருந்த துணிப்பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்தாள். "பொடிங்கய்யா. அவன் குடுக்கற சட்னி வாய்ல வைக்க முடியலைங்க. தோசைக்கு இன்னும் லைனு நிக்குது, வெள்ளக்காரனுக எல்லாம் நம்ம தோசைக்கு வந்து நிக்கறானுங்க, பாருங்க கூத்த." "எரிமலைக்கு நேரமாச்சு" என்றார் பேச்சிமுத்து. "அட, அதுக்கா? நாங்க கீழிருந்தே ஜன்னல்ல பாத்துக்குவோம்ங்க. இவரு வீடியோ எடுப்பாரு, உங்களுக்கு அனுப்பச் சொல்றேன்." "வீடியோவா?" "பெருசு பண்ணிப் பாக்கலாம்ங்கய்யா, நல்லாத் தெரியும்." எழுந்திருக்கப் போனவரைப் பார்த்து அவள் பதறிக் கையை நீட்டினாள். "உக்காருங்க, உக்காருங்க. அய்யாவ எந்திரிக்க வுடாம பாத்துக்கச் சொல்லித்தான் கோமதி என்னைய அனுப்புச்சு. இந்தச் சேருக்கு யாரு அடிச்சுக்கறா? வெள்ளக்காரன் நெழலுக்கு வருவானா? நீங்க ஒரு எடத்துல இருந்தாச் செரின்னுதான்..." சொல்லிக்கொண்டே போனவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வந்தர்றோம்ங்க." போய்விட்டாள். பேச்சிமுத்து அப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். குளத்துக்கு அந்தப் பக்கம், வெயிலில், ஒரு நாற்காலி காலியில்லை. சிவந்துபோன உடம்புகள் எண்ணெயில் கிடந்தன. இந்தப் பக்கம் நிழலில், அவருடைய பன்னிரண்டைத் தாண்டி, இருபது முப்பது நாற்காலி துண்டு இல்லாமல், ஆள் இல்லாமல் கிடந்தது. ஒரு மணி நேரமாகக் கிடக்கிறது. ஒருத்தன் வந்து கேட்கவில்லை. கேட்க மாட்டான். அறுபது தலையில் ஒருத்தனைக் கண்டுபிடித்தவன் இதைப் பார்க்கவில்லை.

சரி. இரு. கோபப்படாதே. எட்டு மணிக்கு விட வேண்டிய சொட்டு மருந்து. கோபத்தில் நேரத்தை விட்டுவிட்டோம். சட்டைப் பையில் இருந்து குப்பியை எடுத்துத் தலையை அண்ணாந்து விட்டார். ஒன்று நெற்றியில் விழுந்தது. ஒன்று இமையில். மூணாவது உள்ளே போனது, மிச்சம் கன்னத்தில் வழிந்தது. கப்பல் ஏறுவதற்கு முந்தி ரோமில் ஓட்டலில் இப்படி வழிந்தபோது கோமதி பார்த்துவிட்டாள். "அம்மா நெனப்பாப்பா?" என்றாள். ஆமா என்றார். செத்தவளைச் சாக்குச் சொன்ன வெட்கம் ரெண்டு நாள் உறுத்தியது. துடைக்க ஒன்றும் இல்லை. துண்டால் துடைக்கக் கூடாது, கண். கோமதியின் தோள்பை பக்கத்து நாற்காலியில் அவர் பொறுப்பில் இருந்தது, அதில் காகிதக் கைக்குட்டை வைத்திருப்பாள். திறந்து கையை விட்டார். சீப்பு. கண்ணாடிக் கூடு. வட்டமாக ஒன்று, பிசுபிசுவென்று. எடுத்தார். மஞ்சள் ஒட்டு நாடா, பாதி தீர்ந்த சுருள். அவர் அறையில் குளியலறை வாசல்படி உயரம், அதன் விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. நல்ல கப்பல், பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான் என்று முதல் நாள் நினைத்தார். கட்டில் காலில் ஒரு துண்டு, கதவு நிலையில் ஒரு துண்டு. கப்பல்காரனா ஒட்டினான்? மறுபடி கையை விட்டார். குப்பி. இன்னொரு குப்பி. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியதில்லை, விரலுக்கே தெரியும். அதே மருந்து, அதே மூடி, பிரிக்காதது, ரெண்டு. இவர் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று.

ஆஸ்பத்திரி சீட்டில் வீட்டு நம்பர் ஒண்ணு சொல்லுங்கய்யா என்று கேட்டார்கள். யோசிக்காமல் அவள் நம்பரைச் சொன்னார். அதுதான். அங்கேதான் விழுந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மாசியில் இருந்து தெரிந்திருக்கிறது. ஏன் எதற்கு என்று கேட்காமல் இடம் போட்டாளே, தெரிந்துதான் போட்டிருக்கிறாள். ரோமில் பரிமாறுகிறவன் கையில் இருந்த தட்டை இவர் தட்டிவிட்டபோது அவன் மேல் பாய்ந்தாளே, கண்ணு தெரியலியா உனக்கு என்று தமிழில் கத்தினாளே, அப்போதும் தெரிந்திருக்கிறது. எழுந்தால் விழுவேன். விழுந்தால் எல்லாருக்கும் தெரியும். அதனால் உட்கார வை. நாற்காலிக்கு இவர் காவல் இல்லை, இவருக்கு நாற்காலி காவல். பதினோரு துண்டு இல்லை, பன்னிரண்டு. பன்னிரண்டாவது துண்டு வேட்டி கட்டிக்கொண்டு நட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்லதுக்குத்தான் செய்தாள். நல்லதுக்குத்தான் எல்லாரும் செய்கிறார்கள். டாக்டர் நல்லதுக்கு, அந்தப் பெண் நல்லதுக்கு, பூங்கொடி வீடியோ நல்லதுக்கு. அந்தக் கிழவரை வண்டியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுப் போன மகனும் நல்லதுக்குத்தான் வைத்திருப்பான், கூட்டத்தில் நசுங்க வேண்டாம் என்று. போங்கலே. இருக்கிற கண்ணை எனக்கு யாரும் எடுத்து மூடி வைக்க வேண்டாம். அது கொஞ்சம்தான் இருக்கிறது, கொஞ்சமாக இருப்பதால்தான் கேட்கிறேன். மணி எட்டு முப்பத்தைந்து. பேச்சிமுத்து எழுந்தார்.

முதல் துண்டை எடுத்தார். செருப்பைக் கீழே போட்டார். உதறி, நாலாக மடித்து, இடது முழங்கையில் போட்டார். ரெண்டு. மூணு. கை தானாக வேகம் எடுத்தது, ஒரே வாரல். ஐந்து நிமிசம் தாண்டியும் துண்டைத் தொடாமல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரொமெல் கிட்டே வந்தான். பதினோரு துண்டையும் அவன் கையில் கொடுத்தார். "ஆள் வராது" என்றார். அவன் ஒரு சீட்டைப் பிய்த்துக் கசக்கிக்கொண்டே முதல் தடவையாகச் சிரித்தான். தொழில்காரனுக்குத் தொழில்காரன் தெரியும். கோமதி பையை இடது தோளில் மாட்டினார். சரியாகக் கண்டக்டர் பை தொங்கின பழைய இடத்தில் போய் விலாவில் உட்கார்ந்தது. நடந்தார். குளத்தைச் சுற்றிப் போக வேண்டும், அறுபது தப்படி இருக்கும். தரை ஈரம். ஈரம் பாதத்துக்குத் தெரிந்தது. படுத்திருப்பவர்களின் கால்கள் வழியில் நீட்டிக் கிடக்கும், அது தெரியாது, அதனால் தலையைக் குனிந்து குனிந்து இறக்கி, தரையைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு போனார். கால். கால். ஒரு வாளி. கப்பல் லேசாகச் சாய்ந்தது. ஒருத்தி தடுமாறிக் கம்பியைப் பிடித்தாள். பேச்சிமுத்து எதையும் பிடிக்கவில்லை. மணிமுத்தாறு வளைவில் ரெண்டு கையிலும் சில்லறையும் சீட்டுமாகப் பிடிக்காமல் நின்ற கால் இது, கடல் என்ன செய்துவிடும். ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று முழங்காலில் இடித்தது. நாற்காலியோ, மேசையோ. வலித்தது. வலிக்கட்டும், இருக்கிறது என்று சொல்லிவிட்டது. சுற்றிக்கொண்டு போனார். ரெண்டு படி இறங்கினால் கம்பி. முதல் படியைப் பாதத்தால் தேடி இறங்கினார். ரெண்டாவது படியின் ஆழம் தெரியாமல் இறங்க, கால் காற்றில் போய்த் தொப்பென்று விழுந்தது. உடம்பு முன்னால் சரிந்து நெஞ்சு கம்பியில் மோதியது. விழவில்லை. யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் பார்க்கட்டும்.

மலை நின்றது. சூரியன் அதன் தோளுக்கு மேலே, கண் கூசியது, கண்ணீர் வழிந்தது. மருந்தோ என்னவோ. கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்தார். கறுப்பாக, செங்குத்தாக, கடலில் இருந்து ஒரே மூச்சில் எழும்பி நின்றது. அடிவாரம் தெரியவில்லை. கடல் இருக்க வேண்டிய இடத்தில் எதுவோ இருந்தது, ரொப்பினது. இருக்கட்டும். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து மேலிருந்து கீழே மலையை வாசல்படி மாதிரி தேடிப் பார்த்தார். அடியில் வெள்ளையாகச் சில்லறை கொட்டின மாதிரி வீடுகள். அங்கேயும் ஆள் இருக்கிறான். எரிகிற மலைக்குக் கீழே வீடு கட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குகிறான். அவனை யாரும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. மறுபடி உச்சிக்குப் போனார். ஒன்றும் இல்லை. வானம்தான். ஏமாற்றமா? ஒன்றும் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நடுவில் இருக்கிற வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பின்னால் ஓடி வருகிற செருப்புச் சத்தம். "யப்பா!" முழங்கையைப் பிடித்தாள். மூச்சிரைத்தது அவளுக்கு. "சொல்லாமக் கொள்ளாம... அங்க வந்து பாத்தா சேரு காலியாக் கெடக்கு. எனக்கு உசிரே..." "கைய எடு." "யப்பா, இது கம்பி, அங்கிட்டு கடலு." "கடல்னு தெரியும். கைய எடுட்டி." எடுத்தாள். அப்போது உச்சியில் ஏதோ அசைந்தது. ஒரு சாம்பல் முடிச்சு. வந்ததா? அவர் கட்டை விரல் கம்பியை அழுத்தியது. அழுத்தின பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அழுத்துதீங்களே ஐயா. முடிச்சு அவிழ்ந்து பெரிதாகி இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததா, மூளை சாய்க்கிறதா? யாரிடமும் கேட்க மாட்டேன். விரலை எடுக்கவும் மாட்டேன். அழுத்தினபடியே நின்றார். ஒன்று. ரெண்டு. மூணு. நாலு. "யப்பா, புகை!" என்று கோமதி கத்தினாள். "மேல பாருங்க, உச்சில, புகை வருது!"

"நீ பாக்கதுக்கு முந்தி பாத்தாச்சு" என்றார் பேச்சிமுத்து. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. பையைத் தோளில் இருந்து கழற்றி, மஞ்சள் சுருளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். "மாசில இருந்தா?" என்று கேட்டார். "ம்." "ஏன் கேக்கல?" "நீங்க ஏம்ப்பா சொல்லல?" மலை நகர்ந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது, நகர்வது கப்பல்தான். புகை கலைகிற வரைக்கும் ரெண்டு பேரும் நின்றார்கள். மேலே ஐஸ்கிரீம் கடையருகில் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். பூங்கொடி குரல் முதலில் வந்தது. "அய்யோ, துண்டையெல்லாம் தூக்கிட்டு போயிட்டானுங்களா? ஏனுங்கய்யா, பாத்துக்கச் சொன்னமுங்களே!" "ஆளில்லாத துண்டு" என்றார் பேச்சிமுத்து, திரும்பாமலே. "நாந்தான் தூக்கிக் குடுத்தேன். அங்க முப்பது சேரு காலியாக் கெடக்கு, போய் உக்காருங்க." கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. அவள் கை பழக்கத்தில் அவர் முழங்கைக்கு வந்து, பாதியில் நின்றது. பேச்சிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். அது தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. "பிடிக்காத. முன்னால நட. படி வந்தாச் சொல்லு" என்றார். அவள் முன்னால் போய் நின்றாள். "படி" என்றாள், காதோடு சொல்கிற மாதிரி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "வண்டிக்குள்ள இப்படிச் சொன்னா எவனுக்குக் கேக்கும்? சத்தமாச் சொல்லு." "படி!" வெயிலில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சிமுத்து காலைத் தூக்கி வைத்தார். "அடுத்தது?" என்றார்.